பதினொரு தென்னை

பிள்ளைகளா,

போன வாரம் சின்னவன் பள்ளிக்கூடத்துக்கு எழுதிய லீவு விண்ணப்பத்தை வாங்கிப் படித்துவிட்டு நான் கிழித்துப் போட்டேன். 'ஊரில் பொங்கல் என்பதால் இரண்டு நாள் விடுமுறை வேண்டும்' என்று எழுதியிருந்தான். எந்த ஊர், எந்தக் கோயில் பொங்கல் என்று ஒரு வார்த்தை இல்லை. கேட்டதற்கு, "அதெல்லாம் சாருக்குத் தெரியும்ப்பா" என்றான். அந்தப் பேச்சுக்குத்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே மறுபடி எழுதினான். உங்கள் அம்மா இரண்டு நாள் எனக்குச் சோற்றைத் தட்டில் வைத்துவிட்டுப் பேசாமல் போனாள்.

படிக்கிறவருக்குத் தெரியும் என்று நினைத்து, ஒரே ஒரு சொல்லை விட்டுவிட்டு நானும் ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கிறேன். அதைச் சொல்லாமல் பிள்ளையை மட்டும் திட்டியது சரியில்லை என்று பட்டது. அதனால் இதை எழுதி வைக்கிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும். நடந்ததில் எதையும் திருத்த வேண்டாம்.

அப்போது பெரியவளுக்கு மூன்று வயது. மற்ற இரண்டு பேரும் பிறக்கவில்லை. அறுபதுகளின் கடைசி.

நம் காட்டில் இன்று இரும்புக் கோபுரம் நிற்கிறதே, அதற்குத் தெற்கே ஓடைக்கரை. அந்தக் கரையில் அன்று பதினொரு குடைவேல மரங்கள் வரிசையாக நின்றன. விரித்த குடையைத் தரையில் ஊன்றியது போல, மேலே தட்டையாகப் பரந்த முள் மரங்கள். யாரும் நட்டவை அல்ல. ஓடைத் தண்ணீர் கொண்டுவந்து போட்ட விதையில் தானாக எழுந்தவை. ஆனாலும் உங்கள் தாத்தா அவற்றில் ஒரு கொப்பை விறகுக்கு ஒடிக்க விட்டதில்லை. காரணம் அதன் காய்தான். பங்குனிக் கடைசியில் அந்தக் காய் மரத்திலேயே காய்ந்து, சுருண்டு, காற்றடித்தால் பொலபொலவென்று உதிரும். அந்தக் காய்ந்த காய்க்கு நம் பக்கத்தில் நெத்து என்று பேர். சித்திரையும் வைகாசியும் நம் கரிசலில் ஒரு புல் இருக்காது. அந்த இரண்டு மாதமும் செம்மறிகள் உயிரோடு இருப்பதும் தாயாடுகளின் மடியில் பால் இருப்பதும் நெத்தால்தான்.

உங்கள் பெரியப்பாவும் நானும் சேர்ந்து நூற்றுச் சொச்சம் ஆடு வைத்திருந்தோம். ஆட்டின் பின்னால் நடப்பது பெரியப்பா. காட்டைப் பார்ப்பதும் காகிதத்தைப் பார்ப்பதும் நான். அவருக்குக் கையெழுத்து மட்டும் தெரியும். அதையும் போட்டுவிட்டு ஒருமுறை தள்ளி நின்று பார்ப்பார்.

நான் சொல்லப்போகிற வருடத்துக்கு நாலு வருடம் முன்னால் ஒரு கோடையில் மரங்களில் காய் பிடிக்கவில்லை. வேறு வழியில்லாமல் ஆடுகளை ஓட்டிக்கொண்டு, காரியாபட்டியைத் தாண்டி, வயல் அறுத்த தாளாவது கிடைக்காதா என்று வடக்கே நடந்தோம். கைக்குட்டிகளால் நடக்க முடியாது. கூடையிலும் தோளிலுமாகச் சுமந்தோம். தாய்க்குப் பால் வற்றியதும் குட்டிகள் ஒவ்வொன்றாய்ப் போயின. உங்கள் பெரியப்பா ஒரு குட்டியைத் தோளில் போட்டு இரண்டு காலையும் பிடித்துக்கொண்டு நடந்தவர், அது செத்துப்போனது தெரியாமல் ஒரு ஊரையே கடந்துவிட்டார். எதிரே வந்த ஒரு பெண்தான் பார்த்துச் சொன்னாள். திரும்பி வரும்போது பாதிக் குட்டி இல்லை. அந்த நடையைப் பற்றி அவர் இன்றுவரை பேச மாட்டார்.

இது தெரிந்தால்தான் மற்றது விளங்கும்.

தை மாதத்தில் மூன்று பேர் வந்தார்கள். முக்காலி வைத்து, அதன் மேலிருந்த கண்ணாடியில் ஒரு கண்ணை மூடிப் பார்த்து, வெள்ளையடித்த கற்களை நேர்கோடாக ஊன்றிக்கொண்டே போனார்கள். ஒரு கல் நம் காட்டின் நடுவே. கோடு ஓடைக்கரை வழியாக, மரங்களின் தலைக்கு மேலேயே போனது. பெரியப்பா ஆட்டை விட்டுவிட்டு ஓடி வந்தார்.

"என்னய்யா இது, எங்க காட்டுல கல்லு ஊன்றீக?"

"கரண்டு லைனு பெரியவரே. பெரிய டவர் லைனு."

"அப்ப எங்க கெணத்துக்குக் கரண்டு வருமா?"

"இதுலருந்து வராது. இது ஒரு ஊர்லருந்து இன்னொரு ஊருக்கு நேராப் போறது. இது வந்தாத்தான் பெறகு சின்ன லைனு வரும்."

"கம்பிக்குக் கீழ மேஞ்சா ஆட்டுக்குச் சினை தங்காதுங்காகளே?"

வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். "யாரு சொன்னா? அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. மரத்தத்தான் வெட்டணும். கம்பிக்கு நேரா ஒண்ணும் நிக்கக் கூடாது. மாசி முடியறதுக்குள்ள ஆளு வந்துரும்."

எனக்கும் கரண்டு வேண்டும், பிள்ளைகளா. இதைச் சொல்லிவிடுகிறேன். கமலையில் மாடு முன்னும் பின்னும் நடந்து இறைக்கிற தண்ணீரை ஒரு மோட்டார் இறைத்துவிடும் என்று பாலவனத்தம் பக்கம் கண்ணால் பார்த்தவன் நான். லைன் வேண்டாம் என்று நான் ஒரு நாளும் சொல்லவில்லை. பெரியப்பாவும் சொல்லவில்லை. எங்கள் கவலை ஒன்றே ஒன்று. முந்தின மழை நன்றாக இருந்ததால் சினையாடுகள் எல்லாம் ஈன்று, அந்த மாசியில் நாற்பத்திரண்டு குட்டிகள் தொழுவில் நின்றன. மரங்களில் பச்சைக் காய் சடை சடையாகத் தொங்கியது. மாசியில் வெட்டினால் அந்தக் காய் அப்படியே காயாமல் வீணாகும். வைகாசி முடிந்து வெட்டினால் ஒன்றும் இல்லை. எங்களுக்கு வேண்டியது மூன்று மாதம்.

"ஏலே, நீதான் எழுதத் தெரிஞ்சவன்" என்றார் பெரியப்பா. "மரத்த வெட்ட வேணாம்னு எழுதாத. அவுக கேக்க மாட்டாக. நெத்து விழுந்து முடியட்டும்னு மட்டும் எழுது."

அப்படியே எழுதினேன். இன்னும் எனக்கு மனப்பாடம். 'எங்கள் காட்டில் கம்பிக்கு நேராகப் பதினொரு மரங்கள் காய்ப்பில் நிற்கின்றன. நெத்து விழுந்து முடியும்வரை பொறுத்து வெட்டிக்கொள்ளும்படி மிகவும் பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். எங்கள் குடும்பம் இதை நம்பித்தான் இருக்கிறது.' நல்ல எழுத்தில், அடித்தல் இல்லாமல். எந்த மரம் என்று எழுதவில்லை. எழுத வேண்டும் என்று தோன்றவே இல்லை. நெத்து என்று சொன்ன பிறகு குடைவேல் என்று தனியாக யாராவது சொல்வார்களா?

அருப்புக்கோட்டையில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து லைன் வேலைக்கு ஆபீஸ் போட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் நெசவு வீடுகள். தறிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திப் பேச வேண்டும். உள்ளே ஓவர்சீயர் இருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி. கறுப்பு பிரேம் கண்ணாடி. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், வேலைக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது என்று வெளியே இருந்த பியூன் சொன்னார். என் விண்ணப்பத்தை இரண்டு முறை படித்தார். பிறகு நிமிர்ந்து பார்த்த பார்வையில் ஒரு மாற்றம் இருந்தது.

"பதினொண்ணுமே காய்க்கிறதாங்க?"

"எல்லாமே காய்ப்புதாங்கய்யா."

"தண்ணி எப்படிப் பாய்ச்சறீங்க? வர்ற வழியெல்லாம் பார்த்தேன், ஒரே பொட்டலா இருக்கே."

"தண்ணியெல்லாம் ஊத்துறதில்லைங்க. அது பாட்டுக்கு நிக்கும்."

"அப்படிங்களா!" என்று நாற்காலியில் சாய்ந்தார். "நல்ல மண்ணுதான் போலிருக்கு. நெத்தை விக்கிறீங்களா?"

"எங்கிட்டுங்கய்யா விக்கிறது? எல்லாத்தையும் ஆடு தின்னுரும்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். நானும் எதற்கென்று தெரியாமல் சேர்ந்து சிரித்தேன்.

"உங்க ஊர் ஆட்டுக்குப் பல்லு இரும்புல இருக்கும்" என்றார். பிறகு சிரிப்பு அடங்கி, பேனாவைத் திறந்தபடி சொன்னார்: "எங்க வீட்டுக் கொல்லையிலயும் அஞ்சு நிக்குதுங்க. அப்பா போனப்புறம் அம்மாவுக்கு அதுதான் எல்லாம். விடியக்காலம் நெத்து விழற சத்தம் கேட்டுத்தான் எழுந்திருப்பாங்க. காய்ப்புல இருக்கிற மரத்தை வெட்டுன்னு சொல்ல எனக்கு மனசு வராது. நான் வந்து பார்த்துத்தான் எழுதணும். ஆனா இந்த மாசம் முச்சூடும் காரியாபட்டி பக்கம் குழி வேலை. பரவாயில்ல, போங்க. எழுதிடறேன்."

நெத்து விழுந்தால் சத்தம் கேட்குமா? தஞ்சாவூர்க் குடைவேல் பெரிய காயாகக் காய்க்கும் போல என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பத்து நாளில் தபால் வந்தது. டைப் அடித்த தாள், கீழே மையில் கையெழுத்து. நம் வீட்டு வாசலில் பெரியப்பா, பெரியம்மா, உங்கள் அம்மா மூன்று பேரும் சுற்றி நிற்க, நான் சத்தமாகப் படித்தேன். மேற்படி நிலத்தை நேரில் பார்வையிட்டதில், பதினொரு தென்னை மரங்கள் முற்றிய காய்ப்பில் இருப்பதால், நெற்று இறக்குவதற்காக மே மாதம் முடியும்வரை வெட்டு நிறுத்தி வைக்கப்படுகிறது.

படித்துவிட்டு நான் நிறுத்தினேன். தென்னை என்ற இடத்தில் விரலை வைத்து மறுபடி படித்தேன்.

"என்ன மரம்ங்க?" என்றார் பெரியம்மா.

"தென்ன மரம்."

"எது தென்ன மரம்?"

"நம்ம மரம்தான் மதினி. அவுக ஊர்ல நெத்துன்னா காஞ்ச தேங்கா போலருக்கு."

பிறகு உங்கள் பெரியப்பா சிரித்த சிரிப்பு இருக்கிறதே, இருமல் வந்து கண்ணில் தண்ணீர் வந்து தூணைப் பிடித்துக்கொண்டார். "ஏலே, பதினோரு தென்னையா! ஏறு போ, எளநி வெட்டிப் போடு. ஆட்டுக்கு ரெண்டு, எனக்கு ரெண்டு!"

"பதனமா ஏறச் சொல்லுங்க, முள்ளு குத்தும்" என்றார் பெரியம்மா.

உங்கள் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "நேருல பாத்தேன்னு எழுதியிருக்காகளே, பாக்கவே இல்லையே. அவுக வேலைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்டாள்.

நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். "நாளைக்குப் போயி சொல்லிட்டு வாரேன்" என்றேன்.

பெரியப்பாவின் சிரிப்பு நின்றது. "என்னன்னு சொல்லுவ?"

"தென்னை இல்ல, குடைவேலுன்னு."

"சொல்லு. தென்னைன்னாத்தான் மூணு மாசம். முள்ளு மரம்னா மறுநாளே கோடாலியோட வந்து நிப்பாக. பெறகு நாப்பத்திரண்டு குட்டியையும் நீ சொமந்துக்கிட்டு நடக்கியா?" கோபமாகச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டுத் தன் தோளைத் தடவிக்கொண்டார். தடவியது அவருக்கே தெரிந்திருக்காது.

மறுநாள் காலையில் திருச்சுழி போய் நின்றேன். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். அருப்புக்கோட்டை பஸ்ஸு வந்தது. கண்டக்டர் எனக்குப் பழக்கமானவர். "ஏறலையா?" என்றார்.

"நீங்க போங்க. அடுத்த பஸ்ஸுல வாரேன்."

அடுத்த பஸ்ஸு வந்தது. அதே பதிலைச் சொன்னேன். வீரசோழனிலிருந்து வந்த வண்டியில் கூட்டம் இல்லை, ஜன்னலோரம் இடம் இருந்தது. அதிலும் ஏறவில்லை. ஒரு டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்கு நடந்துவிட்டேன். போய்ச் சொன்னாயா என்று பெரியப்பா கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. தாளைத் தகரப் பெட்டியில் பத்திரத்துக்குக் கீழே வைத்தேன்.

நான் பொய் எழுதவில்லை, அவர்தானே எழுதினார் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொள்ள நன்றாகத்தான் இருந்தது.

அந்தக் கோடையில் மழை ஒரு சொட்டு இல்லை. ஓடையில் மணல் சுட்டது. ஆனால் பங்குனிக் கடைசியிலிருந்து தினமும் காலையில் மரத்தடியில் நெத்து விரித்துக் கிடக்கும். ஆடுகள் தலை நிமிராமல் மென்றால் 'கடக் கடக்' என்று சரளைக்கல்லில் வண்டி போகிற மாதிரி சத்தம். உதிராமல் நிற்பதைத் தொரட்டியால் உலுக்கிவிடுவோம். வெயில் ஏறியதும் அந்த நிழலிலேயே படுத்து அசை போடும். தாய்களுக்குப் பால் குறையவில்லை. குட்டிகள் துள்ளிக் குதித்து ஒன்றன் முதுகில் ஒன்று ஏறின. நாற்பத்திரண்டில் இரண்டுதான் போனது. அதில் ஒன்று பாம்பு கடித்து. உங்கள் பெரியப்பா அந்த மூன்று மாதமும் முகம் வாடாமல் இருந்தார். பெரியவளைத் தோளில் வைத்துக்கொண்டு ஆட்டுக்கு நடுவே நடப்பார். அது அவளுக்கு ஞாபகம் இருக்காது.

ஆனி பிறக்கும் முன்பே ஓவர்சீயர் வந்தார். சைக்கிளில் அவர், பின்னால் நடையில் கோடாலியோடு ஆறு பேர். நாங்கள் மரத்தடியில் இருந்தோம். சைக்கிளை நிறுத்திவிட்டு நாலு பக்கமும் பார்த்தார். முகம் துடைத்துக்கொண்டு, சிரித்தபடிதான் கேட்டார்.

"தோப்பு எந்தப் பக்கங்க?"

வெட்ட வந்தவர்கள் நம் பக்கத்து ஆட்கள். அவர்களும் தென்னையைத் தேடினார்கள்.

"ஐயா, மரம் இதுதான்" என்றேன்.

"இது முள் மரமாச்சே."

"குடைவேலுங்க. இதோட காயைத்தான் நாங்க நெத்துங்கறது."

குனிந்து கீழே கிடந்த ஒரு காயை எடுத்தார். சுருண்டு காய்ந்த அந்தச் சின்னக் காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் காலுக்கருகே ஒரு ஆடு அதே மாதிரி ஒன்றை வாயில் போட்டுக் கடித்தது. அதன் வாயையும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்.

"என் ஆர்டர் வந்ததா உங்களுக்கு?"

"வந்துச்சுங்கய்யா."

"படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"தென்னைன்னு இருந்ததைப் பார்த்தீங்களா?"

"பாத்தேன்."

"ஏங்க சொல்லல?"

பஸ் ஸ்டாப்பில் மூன்று வண்டியை விட்டேன் என்று சொல்லலாமா? அதைச் சொல்லி என்ன?

உங்கள் பெரியப்பாதான் எழுந்தார். "அவன் சொல்லத்தான் கெளம்பினான். நாந்தான் மறிச்சேன். திட்டுறதா இருந்தா என்னையத் திட்டுங்க" என்று சொல்லி, ஓடிப் போய் ஒரு குட்டியைத் தூக்கி வந்தார். மூன்று மாதக் குட்டி, நல்ல கனம். அதை ஓவர்சீயருக்கு எதிரே நிறுத்திப் பிடித்துக்கொண்டார். "நாப்பது நிக்கிதுய்யா. உங்க கையெழுத்துதான் நிப்பாட்டி வச்சிருக்கு. எண்ணிக்கோங்க."

அவர் எண்ணவில்லை. ஆனால் குட்டியின் காதை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஆடு தின்னுரும்னு அன்னிக்கே சொன்னீங்க. நான் கிண்டல் பண்றீங்கன்னு நினைச்சேன்" என்றார். சிரிப்பு வந்து பாதியில் நின்றது.

"ஐயா, நானே ஒரு கடுதாசி எழுதித் தாரேன். மரம் பேரு எழுதாம விட்டது என் தப்புன்னு."

"வேண்டாங்க. நேரில் பார்வையிட்டதில்னு நான் எழுதியிருக்கேன். நீங்களும் எழுதிக் குடுத்தா, நான் பார்க்கலைங்கிறதுக்கு அதுவே சாட்சியாயிடும்." நெற்றியைத் தேய்த்தார். "மரக் கணக்கு சரிபார்க்க மேலே இருந்து வருவாங்க. வரட்டும். பார்த்துக்கலாம்."

வெட்ட வந்தவர்கள் கோடாலியை எடுத்தபோது அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "எல்லாத்தையும் ஒண்ணா சாய்க்காதீங்க. ஒவ்வொரு மரமா சாய்ச்சுட்டு, கொப்புல மிச்சம் இருக்கிறதை ஆடு தின்னு முடிச்சப்புறம் அடுத்ததுக்குப் போங்க."

அதனால் ஒரு நாள் வேலை இரண்டு நாள் ஆனது. முதல் மரம் சாய்ந்தபோது உங்கள் பெரியப்பா முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். ஆடுகளுக்கு அது ஒன்றும் தெரியவில்லை. தலை கீழே வந்த மரத்தின் மேல் சந்தோஷமாக ஏறின. மத்தியானம் ஓவர்சீயர் எங்களோடு உட்கார்ந்து கம்மங்கூழும் வெங்காயமும் சாப்பிட்டார். போகும்போது ஒரு கை நெத்தை அள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அம்மாகிட்ட காட்டணும். சொன்னா நம்ப மாட்டாங்க."

கோபுரம் எழுந்தது. ஐப்பசிக்குள் கம்பியும் இழுத்தார்கள். ஈரக் காற்றில் கம்பி 'உம்' என்று முனகுவதைக் கேட்டு ஆடுகள் அதற்குக் கீழே போக மறுத்தன. பெரியப்பா ஒரு வாரம் முன்னால் நடந்து நடந்து காட்டிய பிறகுதான் பழகின. சினை ஒன்றும் கலையவில்லை. அந்தக் கல் ஊன்ற வந்தவர்கள் சொன்னது உண்மைதான். நெத்துதான் இல்லை. அடுத்த கோடைக்குப் பெரியப்பா ஆட்டைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். 'இம்புட்டுத்தான் நடக்கும்' என்றார்.

அந்தக் கோடையில் ஒருநாள் பாலவனத்தத்திலிருந்து வரும்போது பஸ்ஸில் எனக்கு அடுத்த சீட்டில் லைன் வேலை பார்த்த ஒருவர். நம் காட்டில் கம்பி இழுத்தவர்தான். ஓவர்சீயர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"அந்தத் தஞ்சாவூர்க்காரரா? அவுகள மாத்தி எம்புட்டோ நாளாச்சே. எங்கிட்டோ மலைக்குப் போட்டுட்டாக. விசயம் தெரியாதா? முள்ளுக்காட்டப் பாத்துத் தென்னந்தோப்புன்னு எழுதிட்டாருல்ல! ஆபீசே சிரிச்சுச்சு. 'வாங்க தென்ன மரம்'னுதான் கூப்புடுவாக."

அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். நானும் பல்லைக் காட்டினேன். எந்த மலை என்று கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை. அவருடைய அம்மா ஐந்து தென்னையோடு தனியாக இருப்பார்களே, மகன் அருப்புக்கோட்டையில் இருந்ததே தஞ்சாவூருக்குத் தூரம், இப்போது இன்னும் தூரம். இதையெல்லாம் நினைத்துக்கொண்டே அருப்புக்கோட்டையில் இறங்கிவிட்டேன். நான் அங்கே இறங்க வேண்டியவனே இல்லை.

பஜாரில் தேங்காய் மண்டி ஒன்று உண்டு. உள்ளே போய்க் கேட்டேன்.

"முளைவிட்ட நெத்து ஒண்ணு கெடைக்குமா அண்ணாச்சி?"

கடைக்காரர் என் வேட்டியையும் தோளில் கிடந்த துண்டையும் பார்த்தார். ஆடு வைத்திருக்கிறவன் என்று கண்டுகொண்டிருப்பார். "எந்த நெத்து?" என்றார்.

எந்த நெத்து. அவ்வளவுதான். அந்த இரண்டு சொல்லை அன்று ஆபீசில் யாராவது ஒருத்தர் கேட்டிருந்தால்!

"தேங்கா நெத்து. ஊன்றதுக்கு."

"எந்த ஊருக்கு?"

சொன்னேன்.

"அந்தக் காட்டுலயா தென்னை? ஆடு தின்னுறாமப் பாத்துக்கிருங்க" என்று சிரித்துக்கொண்டே, மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒன்றைத் தேடி எடுத்தார். ஒரு விரல் நீளத்துக்குப் பச்சையாய் முளை வந்திருந்தது.

பின்னால் அது எழுந்து நின்றபோது உங்கள் பெரியப்பா என்னைக் கேலி செய்ததும், காக்கா கொண்டுவந்து போட்டிருக்குமோ என்று உங்கள் அம்மா தெரிந்துகொண்டே கேட்டதும் வேறு கதை. அன்று யாரும் இல்லை. பெரியப்பா ஆட்டோடு போயிருந்தார். உங்கள் அம்மா பெரியவளைக் கூட்டிக்கொண்டு சந்தைக்குப் போயிருந்தாள். கம்பிக்கு நேர் கீழே நின்று, அங்கிருந்து கிணற்றுப் பக்கமாக அறுபது தப்படி எண்ணி நடந்தேன், என்றைக்கும் யாரும் வந்து வெட்ட வேண்டியிராத தூரத்துக்கு. முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டி, ஓடை மணல் கொண்டுவந்து கொட்டி, ஒரு கை உப்பும் அடுப்புச் சாம்பலும் போட்டு, முளை மேலே தெரிய நெத்தை வைத்து மூடினேன். வெட்டிய குடைவேல் கொப்புகள் ஓடைக்கரையில் காய்ந்து கிடந்தன. அவற்றை இழுத்து வந்து, ஆடு வாய் வைக்காதபடி சுற்றிலும் முள்வேலி அடைத்தேன். கையில் இரண்டு முள் ஏறியது. பிறகு கிணற்றில் ஒரு குடம் சேந்தி, முள்ளுக்கு மேலே கையை நீட்டி, தண்ணீரை மெதுவாக ஊற்றினேன்.